ஜாஸ் கிட்டார் வாங்கப் போறீங்களா? முதல்ல எர்த் இருக்கான்னு பாருங்க

போன வாரம் களமருதூர்ல அக்கா வீட்டுத் திண்ணையில ஒரு பஞ்சாயத்து. வாதி என் அக்கா. பிரதிவாதி அவ பையன், காலேஜ் இரண்டாம் வருஷம். வழக்கு: ஒரு கிட்டார், ஒரு ஆம்ப்ளிஃபயர். நீதிபதி நான். தகுதி என்னன்னா, குடும்பத்துலயே கிட்டார் வாங்கிக் காசை விட்ட ஒரே ஆள் நான்தான் :)

பையன் திருவிழாக்களுக்குப் போற ஒரு ஆர்கெஸ்ட்ராவுல மூணு வருஷமா ரிதம் கிட்டார் வாசிக்கிறான். ஆறு மாசமா ஜாஸ் பித்து பிடிச்சிருக்கு. காலையில எழுந்தா வெஸ் மாண்ட்கோமரி, ராத்திரி தூங்கும்போது ஜிம் ஹால். கரும்பு வெட்டிப் போட்ட பணம் கைக்கு வந்திருக்கு, அதுல நாற்பதாயிரம் தர்றேன்னு அக்கா வீட்டுக்காரர் வாய விட்டுட்டார். "அந்தக் காசுக்கு ஒரு பழைய வண்டி வாங்கினா காலேஜுக்காவது போவான்" என்பது அக்கா கட்சி. பையனோட கணக்கு இது: முப்பத்தஞ்சாயிரத்துக்கு வயிறு பெருத்த, வயலின் மாதிரி ரெண்டு பக்கமும் துளை போட்ட ஒரு ஹாலோபாடி கிட்டார். மிச்ச அஞ்சாயிரத்துக்கு ஏதோ ஒரு ஆம்ப்.

அந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்டதும் அச்சு அசலா அதே கணக்குதான்.

அப்போ நான் வாங்கினது பெரிய வயித்துக் கிட்டார். மீதிக் காசுக்கு ஒரு தகர டப்பா ஆம்ப். ஒரு கல்யாண மண்டபத்துல நண்பர்களோட வாசிக்கப் போனேன். டிரம்ஸ்காரன் அடிக்க ஆரம்பிச்சதும் என் சத்தம் எனக்கே கேட்கல. வால்யூமைக் கூட்டினேன். கிட்டாரோட காலி வயிறு ஸ்பீக்கர் சத்தத்தை வாங்கி, தானா அதிர்ந்து, "ஊஊஊ"ன்னு ஊளையிட ஆரம்பிச்சுது. மாப்பிள்ளையோட தாத்தா காதைப் பொத்திக்கிட்டு எழுந்து போனது இன்னும் கண்ணுல நிக்குது. அடுத்த வருஷம் அதைப் பாதி விலைக்கு வித்தேன்.

அதனால இந்தப் பதிவுல என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான். ஜாஸ் வாசிக்கக் காசை ஒதுக்கறப்போ பின்னாலிருந்து முன்னால வரணும். முதல்ல சுவத்துல இருக்கற கரண்ட், அப்புறம் ஆம்ப், அப்புறம் கம்பி, கடைசியாத்தான் கிட்டார். கடையில நம்ம கண்ணு இதுக்கு நேர் எதிர் வரிசையில போகும், கையில இருக்கற காசும் அந்த வரிசையிலயே கரைஞ்சிடும்.

கொஞ்சம் வரலாறு பார்த்தா இது புரியும்.

ஆரம்ப காலத்து ஜாஸ் இசைக்குழுவுல கிட்டார்காரர் பாடு பாவம். ட்ரம்பெட், சாக்ஸஃபோன் எல்லாம் முழங்கும்போது இவர் பின்னால உக்காந்து "சக் சக்"னு கார்ட் போடணும், அவ்ளோதான். சத்தம் பத்தாது. சத்தம் வேணும்னுதான் கிட்டாருக்கு வயிறு பெருத்துது. கிப்சன் கம்பெனியோட எல்-5 மாடல் 1922ல வந்தது அந்தத் தேவைக்குத்தான். 1936ல அதே கம்பெனி இஎஸ்-150ன்னு பிக்கப் வெச்ச கிட்டாரைக் கொண்டு வந்தாங்க. 1939ல சார்லி கிறிஸ்டியன்னு ஒரு இளைஞர் அதைத் தூக்கிட்டு பென்னி குட்மன் குழுவுல சேர்ந்தார். அதுவரைக்கும் பின்வரிசையில இருந்த கிட்டார், சாக்ஸஃபோன் மாதிரி நீளமான தனி வரிகளை முன்னால நின்னு பேச ஆரம்பிச்சுது. அவர் 1942ல, இருபத்தஞ்சு வயசுலயே காசநோயில போயிட்டார். அந்த மூணே வருஷ வாசிப்புதான் இன்னைக்கு வரைக்கும் ஜாஸ் கிட்டாருக்கு அஸ்திவாரம்.

இதுல கவனிக்க வேண்டியது, ஆம்ப் வெறுமனே சத்தத்தை மட்டும் கூட்டல. சுரத்தோட ஆயுளையும் கூட்டுச்சு. நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு, மாண்டலின் ஸ்ரீநிவாஸ். சாதா மாண்டலின்ல ஒரு சுரத்தை மீட்டினா உடனே செத்துப்போகும். கமகம் போட நேரமே இருக்காது. மின்சார மாண்டலினை எடுத்ததாலதான் ஒரே மீட்டுல சுரத்தை இழுத்து, அசைச்சு, அடுத்த சுரத்துல கொண்டு போய் நிறுத்த முடிஞ்சுது. ஆக, மின்சார வாத்தியத்துல பாதி வாத்தியம் மடியில இருக்கு, மீதிப் பாதி தரையில பெட்டியா இருக்கு. ஒரு பாதிக்கு முப்பத்தஞ்சாயிரம், இன்னொரு பாதிக்கு அஞ்சாயிரம்னா எப்படி?

சரி, ஜாஸுக்கு எந்த மாதிரிப் பெட்டி?

ராக் வாசிக்கறவங்க ஆம்பை வேணும்னே திணற வெப்பாங்க. அந்தக் கரகரப்புதான் அவங்களுக்கு அழகு. அவங்க போடுற கார்டுல பெரும்பாலும் சட்ஜமும் பஞ்சமமும்தான் இருக்கும். ஆம்ப் திணறும்போது உள்ளே போன சுரங்களோட கூட்டலும் கழித்தலுமா புதுசு புதுசா சுரங்கள் பிறக்கும். ச-ப ஜோடிக்கு அப்படிப் பிறக்கறதெல்லாம் சொந்தக்காரங்க, சண்டை வராது. ஆனா ஜாஸ் கார்டுல ஏழாவது, ஒன்பதாவது, பதிமூணாவது சுரம்னு நாலஞ்சு பேர் நெருக்கி உக்காந்திருப்பாங்க. அங்க ஆம்ப் திணறினா பிறக்கற குட்டிச் சுரங்கள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். கேட்கறவங்களுக்குச் சேத்துல காலை விட்ட மாதிரி இருக்கும். அதனால ஜாஸுக்கு வேண்டியது திணறாத ஆம்ப். டிரம்ஸோட சேர்ந்து வாசிச்சாலும் சுத்தமா பேசற அளவுக்கு அதுகிட்ட சக்தி மிச்சம் இருக்கணும்.

இங்கேதான் வால்வு ஆம்ப் மோகம் வருது. பழைய வால்வு ரேடியோவுல இருந்த மாதிரி கண்ணாடிக் குழாய் வெச்ச ஆம்ப்தான் உசத்தின்னு பையன் எங்கயோ படிச்சிருக்கான். ராக்குக்கு அது பெரிய உண்மை. ஆனா அஞ்சு வாட் குட்டி வால்வு ஆம்ப், டிரம்ஸ்காரர் கொஞ்சம் வேகம் எடுத்தாலே திணற ஆரம்பிச்சிடும். சுத்தமா பேசற ஃபெண்டர் ட்வின் மாதிரி பெரிய வால்வு ஆம்ப்னா முப்பது கிலோவுக்குக் கிட்ட கனம். அதை உளுந்தூர்பேட்டை பஸ்ஸுல யார் ஏத்துறது?

ஜாஸ்காரங்களே ரொம்ப காலமா வால்வைக் கட்டிக்கிட்டு அழல. 1970கள்லயே பாலிடோன்னு ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப் வந்து, ஜோ பாஸ் உட்பட நிறைய ஜாஸ்காரங்க அதைப் பயன்படுத்தினாங்க. 1975ல ரோலண்ட் கம்பெனி கொண்டு வந்த ஜேசி-120 ஆம்போட பேரே ஜாஸ் கோரஸ். அதுவும் டிரான்சிஸ்டர்தான்.

வால்வு வேண்டாம்னு நான் அடிச்சுப் பேசறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அது எங்க ஊர்க் காரணம்.

வயல்ல மோட்டார் எல்லாம் ஓடற நேரத்துல அக்கா வீட்டுல மீட்டர் வெச்சுப் பார்த்தேன். 230 இருக்க வேண்டிய இடத்துல 175. மோட்டாரெல்லாம் நின்னதும் குபுக்குனு ஏறுது. வால்வு ஆம்ப்ல இழையைச் சூடாக்கற வோல்டேஜும் சுவத்துல வர்றதுக்குத் தகுந்த மாதிரியே ஏறி இறங்கும். குறைஞ்சா சத்தம் சோர்ந்து போகும், எகிறினா வால்வோட ஆயுள் போகும். மாத்து வால்வு வேணும்னா சென்னைக்குப் போகணும், சுமார் இருநூறு கிலோமீட்டர். டிரான்சிஸ்டர் ஆம்ப் இதையெல்லாம் ஓரளவு தாங்கும். இப்போ வர்ற சில சின்ன ஆம்ப்கள்ல பின்னாடி 100-240 வோல்ட்னு போட்டிருக்கும். அந்த எழுத்து இருந்தா கிராமத்து ஆளுக்கு அது வரப்பிரசாதம். ரோலண்ட் மைக்ரோ க்யூப் மாதிரி குட்டிகள் ஆறு பென்சில் பேட்டரியிலயே பாடும். டிரம்ஸோட வாசிக்க அதோட சத்தம் பத்தாது, ஆனா கரண்ட் போன ராத்திரியில சாதகம் பண்ண அதை விட நல்ல துணை கிடையாது.

"திருவிழாவுக்கு வர்ற மைக் செட் ஆம்ப்லயே சொருகிட்டா என்ன?"ன்னு அக்கா கேட்டா. நல்ல கேள்வி. நானும் அஹூஜா ஆம்ப்ல சொருகிப் பார்த்தவன்தான். கிட்டார் பிக்கப்புங்கறது காந்தத்து மேல சுத்தின மெல்லிசான கம்பிச் சுருள். அதுக்கு ஒரு மெகா ஓம் அளவுக்கு உள்தடை இருக்கற வாசல் வேணும். மைக்குக்குன்னு செஞ்ச வாசல்ல அது சில ஆயிரம் ஓம்தான் இருக்கும். அதுல சொருகினா கிட்டார் போர்வை போத்திக்கிட்டுப் பேசற மாதிரி அமுங்கிடும். அப்புறம் அந்தப் புனல் ஸ்பீக்கர்! அம்மன் பாட்டை நாலு ஊருக்குக் கொண்டு போறதுக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா ஜாஸ் கிட்டாருக்கு வேண்டிய இதமான கீழ்ச் சத்தம் அதுல வரவே வராது. கிட்டார் ஆம்ப்ல இருக்கற பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல தானாகவே அடங்கிடும். அந்த அடக்கத்துலதான் இதமே இருக்கு.

இப்போ தலைப்புக்கு வர்றேன். இது விளையாட்டு இல்ல.

கிட்டார் கம்பியைத் தொட்டா ஆம்ப்ல இருக்கற "ம்ம்ம்" இரைச்சல் குறையும், கவனிச்சிருப்பீங்க. காரணம், கம்பிகள் ஒயர் வழியா ஆம்போட இரும்புப் பெட்டியோட இணைஞ்சிருக்கு, பெட்டி மூணாவது பின் வழியா எர்த்தோட இணைஞ்சிருக்கணும். அந்த "இருக்கணும்"லதான் ஆபத்து. பழைய வீட்டுல பிளக்குக்கு மூணு ஓட்டை இருக்கும், மூணாவது ஓட்டைக்குப் பின்னால ஒயரே இருக்காது. ஆம்ப்ல கசிவு வந்தா அந்தக் கரண்ட் கம்பி வழியா வாசிக்கறவன் விரலுக்கு வந்து காத்துக்கிட்டு இருக்கும். அவன் ஒரு கையில கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு, வேற லைன்ல இருந்து வர்ற மைக்கை இன்னொரு கையால தொட்டா, நடுவுல அவன்தான் ஒயர். 1972ல ஸ்டோன் த க்ரோஸ் குழுவோட கிட்டார்காரர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகர மேடையில எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்தார். அவங்க ஊர்லயே அந்தக் கதின்னா, மழையில நனைஞ்ச திருவிழா மேடையில ஜெனரேட்டர்ல வாசிக்கற எங்க வீட்டுப் பையன்?

இதைச் சொன்னதும் திண்ணையில பேச்சே இல்ல. அக்கா முகம் மாறிடுச்சு. பையனும் மெதுவா, "போன மாசம் மைக் கிட்ட போனப்ப உதட்டுல சுருக்குனு இருந்துச்சு மாமா"ன்னான். இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லல பாருங்க!

மறுநாளே ஒயர்மேனைக் கூப்பிட்டுப் பார்த்தோம். எதிர்பார்த்த மாதிரியே மூணாவது ஓட்டை வெறும் அலங்காரம்தான். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் குழாய் இறக்கி, கசிவு வந்தா சட்டுனு கரண்டை வெட்டற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணும் மாட்டியாச்சு. கோடையில அந்தக் குழிக்குத் தண்ணி ஊத்த வேண்டியது பையன் பொறுப்பு.

அடுத்து கம்பி. ஜாஸ் சத்தத்துக்கு இதுதான் மலிவான குறுக்கு வழி. சாதாரணமா எலெக்ட்ரிக் கிட்டார்ல 9, 10ன்னு மெல்லிசுக் கம்பி மாட்டித் தருவாங்க. அதைக் கழட்டிட்டு 11 அல்லது 12ல ஃப்ளாட்வுண்ட் கம்பி போடுங்க. மேல சுத்தின இழை தட்டையா இருக்கறதால விரல் நகரும்போது "கீச்"னு கத்தாது, சத்தம் உருண்டையா வரும். நம்ம வேர்வைக்கும் சுத்தின இடுக்குல அழுக்கு சேராது, ரொம்ப நாள் வரும். அப்புறம் கழுத்துப் பக்க பிக்கப், டோன் குமிழைப் பாதி குறைச்சு, கட்டை விரலாலயோ தடிமனான பிக்காலயோ வாசிக்கணும். இவ்ளோ செஞ்சா எந்தக் கிட்டாரும் முக்கால் கிணறு தாண்டிடும்.

எந்தக் கிட்டாருமா? பையனும் இதைத்தான் விடாம கேட்டான். ஆமாம்னுதான் சொல்வேன். எட் பிக்கெர்ட்னு ஒரு கனடாக்காரர் பல வருஷம் ஃபெண்டர் டெலிகாஸ்டர்ல, அதாவது வெறும் பலகைக் கிட்டார்ல, அப்படி ஒரு பஞ்சு மாதிரி ஜாஸ் வாசிச்சார். ஜோ பாஸோட முதல் ரெக்கார்ட் 1962ல வந்தப்போ அவர் கையில இருந்ததும் ஃபெண்டர் பலகைக் கிட்டார்தான். அவரோட பேரோட ஒட்டிப் போன கிப்சன் இஎஸ்-175 அதுக்கப்புறம் ஒரு ரசிகர் கொடுத்தது. இன்னொரு கூத்தையும் கேளுங்க. 1958ல ஃபெண்டர் கம்பெனி ஜாஸ்காரங்களுக்குன்னே ஜாஸ்மாஸ்டர்னு ஒரு கிட்டார் செஞ்சு விட்டாங்க. ஜாஸ்காரங்க பெருசா சீந்தல, அலைச்சறுக்குப் பாட்டுக்காரங்களும் ராக்காரங்களும் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. கிட்டார் மேல எழுதியிருக்கற பேரை நம்பி வாங்காதீங்கன்னு சொல்ல இதை விட நல்ல உதாரணம் கிடையாது.

நம்ம பக்கத்து உதாரணம் வேணுமா? ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச ஆர். பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டார்ல கர்நாடகக் கச்சேரியும் பண்றார், விஜய் ஐயர், நிதின் மிட்டாவோட சேர்ந்து 'தீர்த்தா' (2011) மாதிரி ஜாஸ் ஆல்பமும் பண்ணியிருக்கார். கொல்கத்தாவுல கார்ல்டன் கிட்டோ 2016ல மறையற வரைக்கும் பல பத்தாண்டுகள் விடாம பீபாப் வாசிச்சார். அவரைத் தேடிப் போய் 'ஃபைண்டிங் கார்ல்டன்'னு ஆவணப்படமே எடுத்தாங்க. இவங்களை நினைச்சா கிட்டார் மாடலா ஞாபகம் வருது? வாசிப்புதானே!

இத்தனையும் பேசி முடிச்சு, ஜெயிச்சுட்டோம்னு காபியைக் கையில எடுத்தேன். பையன் ஒரு கேள்வி கேட்டான்.

"எல்லாம் சரி மாமா. ஆனா பார்த்தா எடுத்து வாசிக்கணும்னு தோணற கிட்டாரைத்தானே தினமும் எடுப்பேன்? ஆம்பைப் பார்த்தா அப்படித் தோணுமா?"

அடிபட்ட மாதிரி இருந்துச்சு. உண்மைதான். பெரிய வயித்துக் கிட்டார்ல, மீட்டினதும் பட்டுனு எழும்பி உடனே அடங்கற ஒரு "டொக்" இருக்கு. அது பலகைக் கிட்டார்ல முழுசா வராது. கரண்ட் இல்லாதப்பவும் மடியில அது முனகும். நெஞ்சுல அந்த அதிர்வு தட்டும். வித்து இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அந்த அதிர்வு ஞாபகம் இருக்கே! அதனால ஹாலோபாடி வாங்கறவங்களை முட்டாள்னு சொல்ல மாட்டேன். வீட்டுக்குள்ளயே, டிரம்ஸ் இல்லாம, தனியாவோ ரெண்டு பேராவோ வாசிக்கப் போறீங்கன்னா அதையே வாங்குங்க. மேல்பலகை ஒட்டுப்பலகைன்னு யாராவது மூக்கைச் சுளிச்சா கண்டுக்காதீங்க. இஎஸ்-175க்கே ஒட்டுப்பலகைதான். ஊளை கொஞ்சம் குறையும், நம்ம வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெடிக்காம நிக்கும். ஆனா மேடைக்குப் போறவன், அதுவும் முதல் தடவை சொந்தக் காசு இல்லாம அப்பா கரும்புக் காசுல வாங்கறவன், ஆம்ப்லதான் ஆரம்பிக்கணும். நல்ல ஆம்ப் இருந்தா கிட்டாரைப் பின்னாடி மாத்திக்கலாம். நல்ல கிட்டாரை மோசமான ஆம்ப்ல சொருகினா, அவன் தன் சத்தத்தையே வெறுத்து ரெண்டே வருஷத்துல விட்டுடுவான். நான் விட்டேன். என் கதையில காசு போனதை விடப் பெரிய நஷ்டம் அதுதான்.

கடைசியா என் தீர்ப்பு. எர்த், ஆர்சிசிபி, ஒரு ஸ்டெபிலைசர்: 5,000. பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கரோட, ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கற டிரான்சிஸ்டர் ஆம்ப், பழசா இருந்தாலும் பரவாயில்ல: 18,000. ஃப்ளாட்வுண்ட் கம்பி ரெண்டு செட், தடிச்ச கம்பிக்குத் தகுந்த மாதிரி கழுத்தையும் உயரத்தையும் சரி பண்ணக் கூலி: 3,000. மிச்சம் 14,000க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பலகைக் கிட்டார். அதுல எது, என்ன கலர்ங்கறது முழுக்க முழுக்க பையன் இஷ்டம். அதுல நானும் தலையிட மாட்டேன், அக்காவும் தலையிடக் கூடாது.

ஹெட்ஃபோன் ஓட்டைன்னதும் அக்கா முதல் தடவையா சிரிச்சா. "அப்ப ராத்திரி எங்களுக்குக் கேட்காதா? அதை முதல்லயே சொல்றதுக்கென்னடா!"

வர்ற ஞாயித்துக்கிழமை சென்னை போறோம். பையன்கிட்ட ஒரே நிபந்தனை போட்டிருக்கேன். கடைக்குள்ள நுழைஞ்சதும் சுவத்துல தொங்கற கிட்டாரைப் பார்க்காம, நேரா ஆம்ப் இருக்கற மூலைக்குப் போகணும். இருக்கறதுலயே விலை குறைஞ்ச கிட்டாரைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு ஆம்ப்லயும் சொருகி, ஒரே கார்டைப் போட்டுப் பார்க்கணும். அஞ்சு சுரமும் தனித்தனியா காதுல விழுந்தா அந்த ஆம்பைத் தூக்கிட்டு வந்துடலாம்.

உங்க ஊர்ல சாயங்காலம் எத்தனை வோல்ட் வருது? கிட்டார் வெச்சிருக்கறவங்க, வீட்டுல பசங்க வெச்சிருக்கறவங்க, இன்னைக்கே அந்த மூணாவது ஓட்டைக்குப் பின்னால ஒயர் இருக்கான்னு ஒயர்மேனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. ஜாஸ் பிடிக்குதோ இல்லையோ, இதை மட்டும் செஞ்சிடுங்க.